மாமா இல்லாத தாலாட்டு

சுமக்கிறவள் ஒருத்தி. பெறுகிறவளும், பால் கொடுக்கிறவளும், ஈரத்துணி மாற்றுகிறவளும், இடுப்பு ஒடியத் தூக்கிக்கொண்டு அலைகிறவளும் அதே ஒருத்திதான். ஆனால் தாலாட்டில் பெயர் வாங்கிக்கொண்டு போகிறவன் மட்டும் மாமன். ஊரில் உள்ள தாலாட்டுகளைச் சேர்க்கக் கிளம்பி, கைபேசியில் பதிவு செய்ததையெல்லாம் ஒருநாள் உட்கார்ந்து கேட்டபோது எனக்கு வந்த எரிச்சல் இது. ஒரு பாட்டில் மாமா வெள்ளிக் கொலுசு கொண்டு வருகிறார். ஒரு பாட்டில் குதிரை மேல் வருகிறார். இன்னொரு பாட்டில் பக்கத்து ஊர் திருவேங்கடத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறார், டிக்கெட்டும் எடுக்கிறார். அம்மா எங்கேயாவது வருகிறாளா என்று தேடிப் பார்த்தேன். தொட்டிலை ஆட்டுவதற்கு மட்டும் வருகிறாள்.

எனக்கு மாமா என்ற சொல்லே கசந்துபோனதற்குக் காரணம் இருந்தது. என் மகளுக்கு ஒரே ஒரு மாமா, என் அண்ணன் முகம்மது அர்ஷத். அவனோடு நான் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

என் பெயர் ரிஸானா. பிறந்தது கடையநல்லூர், வாக்கப்பட்டது சங்கரன்கோவில். வீட்டுக்காரர் ரிஸ்வான் அகமது பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறார். மகள் அப்ரீன் பானு. பிறந்த புதிதில் தெருவில் வெடி போட்டால்கூட அசையாமல் தூங்குவாள். தங்கமான பிள்ளை என்று எல்லோரும் மெச்சினார்கள், நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். அவளுக்கு ஒரு வயது முடிந்த சமயம், அடுப்படியில் என் கையிலிருந்து சோற்றுப்பானை மூடி நழுவி விழுந்து, சுற்றிச் சுற்றி உருண்டு அடங்கியது. முதுகைக் காட்டி உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தவள் திரும்பவே இல்லை. அன்றைக்கு வந்த பயம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

திருநெல்வேலியில் சோதித்துப் பார்த்து, இரண்டு காதும் கேட்கவில்லை, ஆபரேஷன் செய்தால் கேட்கும், சீக்கிரம் செய்வது நல்லது என்றார்கள். அரசு காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்துகொள்ளலாம் என்றும் சொன்னார்கள். பெற்ற வாப்பா மவுத்தாகிக் கண்மூடிய பிறகு எங்கள் வீட்டில் எதுவானாலும் அண்ணனைக் கேட்டுத்தான் நடக்கும். அவன் சவூதியில் தம்மாமில் இருக்கிறான். எனக்குக் கல்யாணம் செய்து வைத்தவன் அவன்தான். போனில் விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போனான்.

“பச்சப்பிள்ளை தலையில ஓட்டை போடுததா? உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? நம்ம வாப்பாவே நாலு வயசுலதான் பேசுனாங்களாம். கொஞ்சம் பொறு ரிஸானா, எல்லாம் தானா வரும். அவசரப்படாத.”

அவன் சொன்னால் எனக்கு வேத வாக்கு. பொறுத்தோம். ஒரு வருடம் ஓடியது. தானாக ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஆபரேஷனுக்குப் போனபோது டாக்டரம்மா பழைய தேதிகளைப் பார்த்துவிட்டு, “ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க? அப்பவே வந்திருந்தா பேச்சு சுலபமா வந்திருக்குமே” என்றார். திட்டக்கூட இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். நான் வெளியே வந்து, மரத்தடியில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“உன் பேச்சைக் கேட்டு என் பிள்ளைக்க ஒரு வருசத்தைத் தொலைச்சிட்டேன். இனிமே எனக்குப் போன் பண்ணாத” என்றேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வைத்துவிட்டேன். அவன் எண்ணையும் தடுத்து வைத்தேன்.

அதன் பிறகு தம்மாமிலிருந்து யார் லீவில் வந்தாலும் அவர்கள் கையில் எனக்கு ஒரு பார்சல் வரும். பிஸ்தா, பால் பவுடர், தைலம், பிள்ளைக்குக் கவுன். பிரிக்காமல் பீரோ மேல் அடுக்கி வைத்தேன். ரிஸ்வான் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுவார். “உங்க அண்ணனோட சண்டை சரி. பிஸ்தாவோட நமக்கு என்ன சண்டை?” என்பார். நான் அடுத்த பார்சலையும் அதன்மேலேயே ஏற்றி வைப்பேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்ரீன் காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மிஷின், அதிலிருந்து ஒரு வயர், வயரின் முனையில் தலையோடு ஒட்டிக்கொள்ளும் காந்த வட்டு. பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் பேச்சுப் பயிற்சி மையம் இருக்கிறது. மேலநீலிதநல்லூர்க்காரப் பெண் காவியா அங்கே டீச்சர். சுற்றுவட்டாரத்தில் ஆபரேஷன் ஆன பிள்ளைகளும் அம்மாமார்களும் அங்கேதான் வருவார்கள்.

“ஆபரேஷன் பண்ணுனா சத்தம் வரும்க்கா, பேச்சு வராது. பேச்சை நாமதான் சோறு மாதிரி ஊட்டணும். சும்மா பேசிட்டே இருங்க, பாடிட்டே இருங்க. தாலாட்டு பாடுங்க. ஒரே சொல்லு திரும்பத் திரும்ப வரும்லா, பிள்ளை பிடிச்சுக்கிடும்” என்று காவியா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

தாலாட்டு பாடுவதிலும் எங்களுக்கு ஒரு சங்கடம். பிள்ளை தூங்கும்போது மிஷினைக் கழற்றிவிட வேண்டும். கழற்றினால் ஒன்றும் கேட்காது. அதனால் எங்கள் பிள்ளைகளுக்குத் தாலாட்டு காலை பத்து மணிக்கு. அவர்கள் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், நாங்கள் “கண்ணுறங்கு, கண்ணுறங்கு” என்று கோரஸாகப் பாடுவோம். கீழே பூக்கட்டுகிற பெண்களுக்குச் சிரிப்புத் தாங்காது. “ஏத்தா, எங்களுக்கு உறக்கம் வருது, கொஞ்சம் மெதுவாப் பாடுங்க” என்று சத்தம் போடுவார்கள்.

ஒரு வருடம் பாடினேன். அப்ரீன் கூப்பிட்டால் திரும்பினாள். குக்கர் விசில் அடித்தால் அடுப்படிக்கு ஓடினாள். ஆனால் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. வேண்டும் என்றால் கையைக் காட்டுவாள், வேண்டாம் என்றால் தள்ளிவிடுவாள். அவளோடு மையத்தில் சேர்ந்த பிரவின்ராஜ் அதற்குள் ‘ஆடு’, ‘வா’, ‘போ’ எல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டான். எனக்குப் பொறாமையே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஒரே ஒரு தடவை அவள் என்னை ‘உம்மா’ என்று கூப்பிட்டுக் கேட்க வேண்டும். தொழுகையில் கையேந்தும்போதெல்லாம் அதைத்தான் கேட்டேன், வேறெதையும் கேட்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஆடு வயரைக் கடித்தது.

பிரவின்ராஜின் அம்மா வள்ளித்தாய் ஆடு மேய்க்கிறவள். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் காட்டுக்கு மகனையும் கூடவே கூட்டிப் போவாள். மிஷின் நனையக் கூடாது என்று கழற்றி வேலிமேல் வைத்துவிட்டு அவனைக் குளிப்பாட்டியிருக்கிறாள். திரும்பிப் பார்த்தால் வெள்ளாடு வயரை வைக்கோல் மாதிரி மென்றுகொண்டு நிற்கிறது. மையத்தில் வந்து இதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “காந்த வட்டை மட்டும் துப்பிட்டுது, பாவி ஆடு. வயித்துக்குள்ள ஒட்டிக்கிடும்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கு” என்றாள்.

ஆபரேஷன் திட்டத்தில் வரும். அறுந்த வயர் வராது. அதை நாம்தான் வாங்க வேண்டும், விலையும் அவளால் எட்டிப் பிடிக்கிற விலை இல்லை. பிரவின்ராஜ் தினமும் வந்தான். நாங்கள் பாடும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நாளில் அவன் ‘ஆடு’ என்று சொல்வது குழறத் தொடங்கியது. கற்றுக்கொண்டது கண்ணெதிரே கரைகிறது. என் பிள்ளைக்கு இன்னும் வராத சொல், அவனுக்கு வந்தும் போகிறது. எனக்கு மனசே ஆறவில்லை.

“நாம பாடுத பாட்டையெல்லாம் ஒரு புத்தகமாப் போட்டா என்ன?” என்று காவியாவிடம் கேட்டேன். “வித்து வர்ற பணத்துல வயரு, பேட்டரி எல்லாம் வாங்கி இங்கனயே ஒரு பெட்டியில போட்டு வச்சிரலாம். எந்தப் பிள்ளைக்கு அறுந்தாலும் அன்னைக்கே மாத்திரலாம்லா.”

காவியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வேகத்தில் கைபேசியை எடுத்துக்கொண்டு கிளம்பியதுதான் நான் முதலில் சொன்ன தாலாட்டு வேட்டை. ஒவ்வொருத்தியும் பாடினாள், ஒவ்வொருத்தியும் கூடப் பிறந்தவன் பெயரை உள்ளே வைத்துப் பாடினாள். அதுதான் வழக்கமாம். திருவேங்கடத்து முருகம்மாள் பாட்டில் குருசாமி மாமா. வள்ளித்தாய் பாட்டில் செல்லச்சாமி மாமா. அந்தப் பாட்டு இப்படி:

*கரிசக்காட்டுத் தடத்தோட*
*கம்பங்கதிரு கையோட*
*செல்லச்சாமி மாமா வாராக – என் கண்ணே*
*செருப்பு வாங்கித் தாராக*

வீட்டில் இந்தப் பாட்டுகளையெல்லாம் அப்ரீனுக்குப் பாடிப் பாடிப் பழகினேன். மடியில் உட்கார்ந்து என் தொண்டைமேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். மாமா என்கிற இடம் வந்தால் தொண்டையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டுகளைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோது என் எரிச்சல் முற்றிவிட்டது. வேலை நம்முடையது, பெயர் அவன்களுக்கா? குருசாமியை எடுத்தேன். செல்லச்சாமியை எடுத்தேன். மாமா இருந்த இடத்திலெல்லாம் அம்மாவைப் போட்டேன். ‘உன்னைப் பெத்த அம்மா வாராக, செருப்பு வாங்கித் தாராக.’ வாசித்துப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. உலகத்தில் முதல் தடவையாகப் பெற்றவளுக்கு நியாயம் கிடைத்துவிட்டதாக ஒரு மிதப்பு.

ராஜபாளையம் ரோட்டில் அச்சகம் வைத்திருக்கும் இசக்கித்துரை அண்ணாச்சி காகிதக் காசு மட்டும் போதும் என்று சொல்லியிருந்தார். கல்யாணப் பத்திரிகை அடித்தே தலை நரைத்தவர். நான் கொடுத்ததை ஒரு பக்கம் விடாமல் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா, தாய்மாமன் பேரு இல்லாம நான் ஒரு பத்திரிகைகூட அடிச்சதில்ல. ஒரு தடவை கைதவறி விட்டுப்போச்சு. மண்டபத்துல அடிதடி, பந்தியில சாம்பாரு வாளி பறந்துது.”

“இது கல்யாணப் பத்திரிகை இல்ல, அண்ணாச்சி.”

“என்னமோம்மா, ப்ரூஃப் தாரேன். அந்தப் பிள்ளைகள்ட்ட ஒருக்கா காட்டிட்டு வா. அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது.”

காட்டினேன். மையத்தில் வட்டமாக உட்கார்ந்து முருகம்மாள் வாசிக்க வாசிக்க எல்லார் முகமும் மாறியது. வள்ளித்தாய்தான் முதலில் எழுந்தாள்.

“ஏட்டி, என் தம்பி செல்லச்சாமி எங்க?”

“அம்மான்னு மாத்தியிருக்கேன் வள்ளி. பெத்தவளைப் பத்தி யாருமே பாடலைலா.”

“நான் என்னைக்குட்டி செருப்பு வாங்கிக் குடுத்தேன்? வெயில்ல பிள்ளை கால் சுடுதுன்னு கிடாய வித்து வாங்கிட்டு வந்தவன் அவன். என் பிள்ளைகிட்ட என்னையப் பொய் பாடச் சொல்லுதியா?”

முருகம்மாள் தாளை மடியில் போட்டாள். “எங்க அண்ணன் குருசாமி, புத்தகத்துல தன் பேரு வருதுன்னு தெரு பூரா சொல்லிட்டுத் திரியுதான். இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சிட்டு அவன்கிட்டப் போவேன்?”

“உங்க அண்ணன் தம்பிமாருக்காகவா புத்தகம் போடுதோம்?” என்று நானும் குரலை உயர்த்தினேன். “பிள்ளைகளுக்காகப் போடுதோம். ராவும் பகலும் கிடந்து சாவுதது நாம. நமக்கு ஒரு வரி கிடையாதா?”

“ஒனக்கு ஒன் அண்ணன்கூடச் சண்டைன்னா அதை ஒன் வீட்டுல வச்சுக்கோ” என்றாள் வள்ளித்தாய். “என் தம்பிய என்னத்துக்குட்டி அடிச்சுப் போடுத? என் பாட்டைக் குடு, நான் போறேன்.”

காவியா நடுவில் வந்து, “பாட்டு அவங்களோடதுக்கா” என்று மெல்லச் சொன்னாள். அவளும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம். அப்ரீனைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். வயர் பெட்டியும் இல்லை, புத்தகமும் இல்லை, எல்லாம் என் வாயால் வந்த வினை என்று வழியெல்லாம் நொந்துகொண்டேன். ஆனாலும் நான் செய்தது தப்பு என்று ஒப்புக்கொள்ள மட்டும் மனசு வரவில்லை.

அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு, வீம்புக்கு அந்த ப்ரூஃப் தாளையே கையில் எடுத்துக்கொண்டு அப்ரீனை மடியில் இருத்தினேன். கரிசக்காட்டுத் தடத்தோட, கம்பங்கதிரு கையோட. அவள் கை வழக்கம்போலத் தொண்டைக்கு வந்தது. ‘உன்னைப் பெத்த அம்மா வாராக’ என்று பாடினேன். தட்டுவதற்குத் தூக்கிய கை அப்படியே நின்றது. என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

மறுபடி பாடினேன். முகத்தைச் சுளித்தாள். மறுபடியும் பாடினேன். இந்தத் தடவை இரண்டு விரலால் என் உதட்டைப் பிடித்து மூடித் திறந்தாள், மூடித் திறந்தாள். நான் முழித்தேன். அவளுக்குக் கோபம் வந்து தாளைப் பிடுங்கிக் கசக்கி எறிந்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளை என்னைத் திருத்துகிறாள்! பானை மூடி விழுந்து உருண்டது தெரியாதவளுக்கு, ஒரு பாட்டில் ஒரு சொல் மாறியது தெரிந்திருக்கிறது. ஒருவேளை உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பாளோ என்று சந்தேகம் வந்தது. காவியா சொல்லித் தந்தபடி, கசங்கிய தாளால் வாயை மறைத்துக்கொண்டு, தொண்டையிலிருந்து அவள் கையையும் எடுத்துவிட்டுப் பாடினேன். செல்லச்சாமி மாமா வாராக. என் முழங்காலில் இரண்டு தட்டு. உன்னைப் பெத்த அம்மா வாராக. என் கையைப் பிடித்துத் தள்ளினாள்.

“என்னங்க, இங்க வாங்க, ஓடி வாங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் ரிஸ்வான் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார். அவர் முன்னால் திரும்பவும் செய்து காட்டினேன். இரண்டு பேரும் பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு அழுதோம். அவள் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பாடு என்று என் தொண்டையைத் தட்டினாள்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் வந்திறங்கும் வள்ளித்தாயைப் பிடிக்க பஸ் ஸ்டாண்டிலேயே போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். “செல்லச்சாமி மாமா இல்லாம என் பிள்ளை பாட்டு கேக்க மாட்டேங்கா” என்றேன். அவள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். “சவத்தத் தள்ளுட்டி. செருப்பு வாங்குனதைச் சரியாப் போட்டிருவேல்லா, அது போதும்” என்றாள்.

மாமாக்கள் எல்லோரும் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. புத்தகம் அச்சாவதற்கு முன்பே அது விற்க ஆரம்பித்துவிட்டது. குருசாமி சம்பந்தி வீட்டுக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று ஒரு கட்டுக்கு முன்பணம் கட்டினார். செல்லச்சாமி, கூட ஆட்டுக்கிடை போடுகிறவர்களுக்கு எல்லாம் சேர்த்துச் சொல்லி வைத்தார். என் பெயர் எந்தப் பக்கம், என் பெயர் முதலில் வருமா என்று மாமாக்களிடமிருந்து இசக்கித்துரை அண்ணாச்சிக்கு ஓயாமல் போன். “நான் சொன்னேம்லா?” என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பணத்திலேயே பிரவின்ராஜுக்கு வயர் வந்துவிட்டது. மாட்டிய அன்று அவன் தெருவில் போன ஆட்டைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் பூ மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது.

ஒரு குறை மட்டும் பாக்கி. “எங்ககிட்ட எல்லாம் பாட்டு வாங்கிட்டு, நீ ஒண்ணு குடுக்கலைன்னா எப்படி?” என்று வள்ளித்தாய் பிடித்துக்கொண்டாள். “ஒன் பிள்ளைக்கும் மாமன் இருக்கான்லா?”

இருக்கிறானே. வேறு வழியில்லாமல் எழுதினேன். புகழ்ந்து எழுத மனசு வரவில்லை, அதனால் திட்டி எழுதினேன்.

*கடல்கடந்து போனாக*
*காத்திருன்னு சொன்னாக*
*வருசம் ஒண்ணு போயாச்சு – அர்ஷத் மாமா*
*வந்து பதில் சொல்வாக*

“தாலாட்டுக்குள்ளயே வசவா?” என்று அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “நல்லாத்தான் இருக்கு. கடைசிப் பக்கத்துல வச்சிருவோம்.” அந்தப் பக்கத்தை ரிஸ்வான் படம் பிடித்துத் தம்மாமுக்கு அனுப்பியது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

வெளியீட்டு விழாவை மையத்திலேயே வைத்தோம். சிறப்பு விருந்தினர், பொன்னாடை எதுவும் கிடையாது. கீழே பூக்கட்டுகிறவர்கள் ஆளுக்கொரு முழம் மல்லிகை கொண்டுவந்து கொடுத்தார்கள். வெளுத்த வேட்டி கட்டிய மாமாக்கள் சுவரோரம் வரிசையாக, மாப்பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். முதல் பிரதியை யார் வாங்குவது என்று அவர்களுக்குள் முறுக்கிக்கொள்ளப் பார்த்தார்கள். காவியா அதைத் தூக்கிப் பிரவின்ராஜ் கையில் கொடுத்துப் பிரச்சினையை முடித்தாள். பிறகு ஒவ்வொரு அம்மாவும் பிள்ளையை மடியில் வைத்துத் தன் பாட்டைப் பாடினாள். மணி அப்போதும் காலை பத்துதான். பிள்ளைகள் எல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருந்தார்கள்.

கடைசியாக நான். அப்ரீன் மடியில் ஏறித் தொண்டையில் கையை வைத்துக்கொண்டாள். முதல் வரி பாடித் தலையை நிமிர்த்தினேன். மாடிப்படி முடிகிற இடத்தில், கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவில், அண்ணன் நின்றான்.

மெலிந்திருந்தான். தாடியில் நரை. எந்தப் பார்சலும் இல்லாமல் வெறும் கையோடு நான் அவனைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எல்லோர் முன்னாலும் உள்ளே வருவதா, போவதா என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் பாடிக்கொண்டே இருந்தேன். காத்திருன்னு சொன்னாக. வருசம் ஒண்ணு போயாச்சு. அந்த இடம் வந்தது. எனக்கு வாய் வரவில்லை. அது கோபமா அழுகையா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவன் பெயரையும், மாமா என்பதையும் அவனைப் பார்த்துக்கொண்டே என்னால் சொல்ல முடியவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டேன்.

அப்ரீன் காத்திருந்தாள். தொண்டையைத் தட்டிப் பார்த்தாள், உள்ளே ஒன்றும் அதிரவில்லை. அண்ணாந்து என் உதட்டைப் பார்த்தாள். இந்த அம்மாவுக்கு எத்தனை தடவை சொல்லிக் கொடுப்பது என்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு தன் உதட்டை மூடித் திறந்தாள்.

“மா.”

கொஞ்சம் நிறுத்தினாள். இன்னொரு தடவை மூடித் திறந்தாள்.

“மா.”

மழலையாகக்கூட இல்லை. தட்டையாக, சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தூக்கி வைத்தாள். வைத்துவிட்டு, மேலே பாடு என்று என்னைப் பார்த்தாள். காவியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “யாத்தே, பேசிட்டா!” என்று வள்ளித்தாய் போட்ட கூச்சல் கீழே மார்க்கெட் வரைக்கும் கேட்டிருக்கும். நான் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு முத்தமாகக் கொடுத்தேன். மூச்சு முட்டி அவள் என்னைத் தள்ளினாள்.

“பெத்தவளுக்கு ஒரு வரி வேணும்னு சண்டைக்கு வந்தியேட்டி” என்று வள்ளித்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் தோளில் இடித்தாள். “பாரு, மொதப் பேச்சையும் மாமன் கொண்டு போயிட்டான்.”

கொண்டுதான் போய்விட்டான். ஒரு வருடம் ‘உம்மா’வுக்குக் கையேந்திக்கொண்டிருந்தவள் நான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அதில் துளி வருத்தம் இல்லை. உம்மா நாளைக்கு வரும், நாளை கழித்து வரும். வாய் திறந்துவிட்டது, இனி வராமல் எங்கே போகும்?

கதவடியில் அண்ணன் செருப்புகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதான். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அப்ரீன் தலையைத் திருப்பித் தேடினாள். மூடிய முகத்தைப் பார்த்துக் குழம்பி, என்னைப் பார்த்தாள். எனக்குப் பழைய கோபம் கொஞ்சம் வந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அவனிடம் பேசவே முடிந்தது.

“ஏண்ணே, அழுதது போதும். கைய எடு” என்றேன். “முகத்தை மூடிக்கிட்டா பிள்ளைக்கு உதடு தெரியாது. முன்னால வந்து உக்காரு. அவளைப் பாத்து, மெதுவா, நிறுத்தி நிறுத்திப் பேசு.”

அவன் சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான். எங்கள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வாயைத் திறந்தான், மூடினான். என்னைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்து, நான் சொன்னது மாதிரியே, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

“மா... மா.”

அப்ரீன் கொஞ்ச நேரம் அவன் உதட்டையே பார்த்தாள். என் தொண்டையிலிருந்த கையை எடுத்தாள். எட்டி அவன் தொண்டைமேல் வைத்து, இரண்டு தட்டுத் தட்டினாள்.